வண்ணம் கண்ட வாகனம் – 17: ஜிகினா ஏறிய கார்

ஸ்ப்ரே கன்னின் கோப்பைக்குள் முதலில் விழுவது இரண்டு பால்ரஸ் குண்டுகள். அவை கிடைக்காவிட்டால் கோலிக்குண்டு. அதன்மேல் தண்ணீர் போலத் தெளிந்த லேக்கர். கடைசியாகக் கரண்டியால் அள்ளிக் கொட்டிய ஜிகினா. பெயிண்டர் ஒரு கோடு அடிப்பார், கன்னை ஒரு குலுக்கு குலுக்குவார், குண்டுகள் கடகடவென்று உருளும், அடுத்த கோடு அடிப்பார். குலுக்க மறந்தால் ஜிகினா முழுவதும் கோப்பையின் அடியில் வண்டல் போலப் படிந்துவிடும்; கதவின் மேல்பாதி வெறும் லேக்கராகவும் கீழ்ப்பாதி திட்டுத்திட்டாகவும் நிற்கும். 1960களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் பெயிண்ட் ஷெட்டுகளில் நாள் முழுக்கக் கேட்ட சத்தம் அது.

இந்தத் தொடரின் சென்ற பகுதியில் டியூக்கோ லேக்கரைப் பார்த்தோம். வார்னிஷ் காய வாரக்கணக்கில் காத்திருந்த கார்த் தொழிற்சாலைகளை, 1920களில் சில மணி நேரத்தில் காயும் பெயிண்டுக்கு மாற்றியது டூபான்ட் நிறுவனம். கறுப்பைத் தாண்டிப் பல நிறங்கள் தெருவுக்கு வந்தன. ஆனால் அவை எல்லாம் நிறம் மட்டும்தான். சுவரில் அடித்த பெயிண்ட் எப்படிச் சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்குமோ அப்படி. கார் நகர நகர ஒளியும் கூடவே நகர்கிற தோற்றம் வேண்டுமானால் நிறத்துக்குள் கண்ணாடி வைக்க வேண்டும். ஒன்றல்ல, லட்சக்கணக்கில்.

அந்தக் கண்ணாடிகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸை விட்டு, நூறாண்டுக்கும் மேல் பின்னால் போய், லண்டனில் ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

ஹென்றி பெஸ்ஸமர் என்றால் எஃகு. பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. எஃகுக்கு முன்னால் அவருக்குச் சோறு போட்டது பித்தளைப் பொடி. 1840ஆம் ஆண்டு வாக்கில், அவருடைய அக்கா தான் வரைந்த பூக்களின் ஓவியங்களை ஒரு தொகுப்பாக்கி, முகப்பில் அழகான எழுத்தில் பெயர் எழுதித் தரச் சொன்னார். தம்பி பொன்னிற எழுத்துக்காகப் பொன்னிறப் பொடி வாங்கக் கடைக்குப் போனார். ஒரு அவுன்ஸ் 7 ஷில்லிங். வெறும் பித்தளைக்கு இந்த விலையா என்று திகைத்தார். ஒரு பவுண்டு பித்தளையே ஒரு ஷில்லிங்கைத் தொடாத காலம் அது. ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ் என்றால், உலோகம் பொடியானதும் அதன் விலை நூறு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. ஜெர்மனியின் நியூரம்பர்க் வட்டாரத்தில் கைத்தொழிலாளர்கள் பித்தளையைச் சுத்தியலால் தங்க ரேக்கு போல அடித்து, பிறகு அரைத்து எடுத்தார்கள். அத்தனை கைகளின் உழைப்புக்குத்தான் அந்த விலை.

இயந்திரத்தால் முடியாதா என்று பெஸ்ஸமர் முயன்றார். பொடி வந்தது, மின்னவில்லை. கைவிட்டுவிட்டார். நெடுநாள் கழித்து நியூரம்பர்க் பொடியையும் தன் பொடியையும் நுண்ணோக்கியின் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தன்னுடையவை சுருண்டும் உருண்டும் கிடந்தன. அவர்களுடையவை தட்டைத் தட்டையான செதில்கள்.

இந்தப் பகுதி முழுவதற்குமான திறவுகோல் அந்த ஒரு பார்வைதான். உருண்டையான துகள் ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும். கண்ணுக்குச் சாம்பலாகத் தெரியும். தட்டையான செதில் ஒளியை ஒரே பக்கம் திருப்பி அனுப்பும். அது நம் கண்ணை நோக்கி வரும் கணத்தில் பளிச்சிடும். உலோகம் அதேதான், எடை அதேதான், வடிவம் மட்டும் வேறு.

பெஸ்ஸமர் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும். இயந்திரத்தின் பாகங்களை வெவ்வேறு பட்டறைகளில் தனித்தனியாகச் செய்யச் சொல்லி, எந்தப் பட்டறைக்கும் முழு உருவம் தெரியாதபடி பார்த்துக்கொண்டார். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் பகுதியில் பாக்ஸ்டர் ஹவுஸ் என்ற வீட்டைத் தொழிற்சாலையாக்கி, உள்ளே நுழையும் உரிமையை மனைவியின் சகோதரர்களுக்கு மட்டும் கொடுத்தார். மைத்துனர்கள் காத்த அந்த ரகசியம் பல பத்தாண்டுகள் வெளியே போகவில்லை. அந்தப் பணம்தான் 1856இல் வெளிவந்த எஃகு முறையின் சோதனைகளுக்கு முதலாக நின்றது. பூ ஓவியத்தின் முகப்பில் எழுதப் போய் ஒரு மனிதர் உலகத்தின் எஃகையே மாற்றினார். வரலாற்றில் இப்படிப்பட்ட கிளைப்பாதைகளைப் பார்க்கும்போது மனம் நிறைந்துபோகிறது.

இன்னொரு கிளை மீனிலிருந்து வருகிறது. 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஜாக்கன் என்ற ஜெபமாலை செய்பவர், ஒரு சிறு நன்னீர் மீனின் செதிலைக் கழுவிய நீரில் வெள்ளி மின்னுவதைக் கவனித்தார் என்று ஒரு கதை உண்டு. அந்த மின்னும் சாற்றைக் கண்ணாடி மணியின் உட்புறம் பூசிப் போலி முத்து செய்தார். அதில் மின்னியது குவானின் என்ற பொருளின் படிகங்கள். அவையும் தட்டையான தகடுகள்தான். தமிழில் மீனின் மேல் இருப்பதையும் செதில் என்கிறோம், உலோகத்தின் மெல்லிய சீவலையும் செதில் என்கிறோம். இந்தக் கதையில் இரண்டும் உண்மையாகவே ஒரே வேலையைச் செய்தன. 1930களில் விலையுயர்ந்த சில கார்களுக்கு மீன்செதில் சாறு கலந்த லேக்கர் அடித்தார்கள். ஒரு சிறு டப்பா சாற்றுக்கு ஆயிரக்கணக்கான மீன்கள் தேவைப்பட்டதால் அது பணக்காரர்களின் தெருவைத் தாண்டவில்லை.

சாதாரணக் காருக்கு மின்னலைக் கொண்டுவந்தது அலுமினியம். அதை உலர்ந்த நிலையில் இடித்துப் பொடியாக்குவது உயிருக்கே ஆபத்து; காற்றில் பறக்கும் அலுமினியத் தூசு ஒரு பொறி பட்டால் வெடிக்கும். எவரெட் ஹால் என்ற அமெரிக்கர் அலுமினியத்தை ஒரு கரைப்பானுக்குள் போட்டு, ஸ்டியரிக் அமிலம் கொஞ்சம் சேர்த்து, இரும்புக் குண்டுகள் உருளும் பீப்பாயில் சுழற்றி அரைத்தார். தூசு எழும்ப வழியில்லை. அமிலம் வழுவழுப்பைக் கொடுக்க, குண்டுகளுக்கு இடையில் சிக்கிய உலோகம் ஒட்டிக்கொள்ளாமல் தட்டையாகியது. இன்றைக்குத் தொழிற்சாலையில் வரும் சில்வர் காரின் ‘மெட்டாலிக்’ அந்த வழியில் வந்ததுதான். இந்தச் செதிலில் இரண்டு வகை சொல்கிறார்கள். ஓரம் கிழிந்து கோணல்மாணலாக இருப்பது ‘கார்ன்ஃபிளேக்’. ஓரம் வட்டமாக, காசு போல இருப்பது ‘சில்வர் டாலர்’. அகலம் பொதுவாக 10 முதல் 30 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. அதனால்தான் மெட்டாலிக் காரில் தனித்தனிப் புள்ளி தெரிவதில்லை; பட்டு போல ஒரே பளபளப்பாகத் தெரிகிறது.

பட்டு போதாது, நட்சத்திரம் வேண்டும் என்று கேட்டவர்கள் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்தது. பழைய ஃபோர்டும் செவர்லேயும் மலிவாகக் கிடைத்தன. விமானத் தொழிற்சாலைகளில் வெல்டிங்கும் தகடு வேலையும் கற்ற கைகள் ஏராளம். கூரையை அறுத்துத் தாழ்த்துவது, கைப்பிடியைக் கழற்றிவிட்டு மழுங்க ஈயம் பூசுவது, பம்பரைச் செதுக்குவது என்று ஒவ்வொருவனும் தன் காரைத் தனக்கென்று மாற்றினான். இவ்வளவு வேலை செய்த உடலுக்குக் கம்பெனி நிறம் அடிக்க யாருக்கு மனசு வரும்?

முதல் பெரிய பாய்ச்சல் ஜோ பைலனுடையது. வடக்குக் கலிஃபோர்னியாவின் ஹேவர்டு ஊரில் பட்டறை வைத்திருந்த மெக்சிகோ வம்சாவளிக்காரர். 1952இல் ஓக்லாந்து கண்காட்சியில் அவருடைய 1941 செவர்லே ‘மிஸ் எலிகன்ஸ்’ பெயர் வாங்கியது. அவர் மனதில் வேறொன்று நின்றது. இரவில் காரின் பின்விளக்குச் சிவப்பு பளபளக்கும் பரப்பில் விழுந்து தெரிவதைப் பார்த்து, அந்தச் சிவப்பைக் கொண்டுவர வேண்டும் என்று வருடக்கணக்காகக் கலந்து கலந்து பார்த்தார். சாதாரணச் சிவப்பு பெயிண்ட் அதைத் தராது, ஏனென்றால் பின்விளக்கின் சிவப்பு கண்ணாடியைத் துளைத்து வரும் ஒளி. கடைசியில் கிடைத்த வழி இரண்டு அடுக்கு: கீழே பொன்னிற மெட்டாலிக், மேலே சிவப்புச் சாயம் கலந்த தெளிந்த லேக்கர். ஒளி சிவப்பு அடுக்கைத் துளைத்துக் கீழே போய், பொன் செதிலில் பட்டுத் திரும்பி, மறுபடியும் சிவப்பைத் துளைத்து வெளியே வருகிறது. இருமுறை சாயத்தில் நனைந்த ஒளி. அதுதான் ‘கேண்டி ஆப்பிள் ரெட்’. பாகில் தோய்த்த ஆப்பிள் மிட்டாயின் நிறம்.

கேண்டியின் கஷ்டம் அடித்தவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு கோட்டும் நிறத்தை இன்னும் அழுத்தமாக்கும். கை ஒரு இடத்தில் அரை நொடி தயங்கினால் அங்கே கறுத்த பட்டை. கதவைத் தனியாகக் கழற்றி வைத்து அடித்தால் உடம்போடு சேராது. ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது ஏறக்குறைய முடியாத காரியம். முழுப் பக்கத்தையும் அடிக்க வேண்டும்.

கேண்டிக்குக் கீழே இருக்கும் பட்டு போன்ற அலுமினியத்துக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரிகிற பெரிய செதிலை வைத்தால்?

அந்தச் செதில் கார் உலகத்தில் இல்லை. துணி உலகத்தில் இருந்தது.

ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாண்டில் டோபெக்மன் என்று ஒரு கம்பெனி. செலோஃபேன் போன்ற மெல்லிய தாள்களைக் கொண்டு பொட்டல உறைகள் செய்துவந்தது. அது 1946இல் லூரெக்ஸ் என்ற மின்னும் நூலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அலுமினியத் தகட்டின் இரு பக்கமும் தெளிந்த பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, அதை நூலளவுக்கு வார்வாராகச் சீவினால் லூரெக்ஸ். நிறம் ஒட்டும் பசையில் இருக்கும். உலோகம் காற்றுப் படாமல் உள்ளே பத்திரமாக இருக்கும். வெள்ளியைப் போலக் கறுக்காது. காஞ்சிபுரத்து ஜரிகையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். நம் அசல் ஜரிகையில் பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிச் சரடு சுற்றியிருக்கும், அதன்மேல் தங்க முலாம். தட்டையாக்குகிற தந்திரம் இரண்டிலும் ஒன்று. விலை குறைந்த சேலைகளில் இன்று ஓடும் பிளாஸ்டிக் ஜரிகை லூரெக்ஸின் வழியில் வந்ததுதான்.

1957இல் டோபெக்மனை டவ் கெமிக்கல் வாங்கியது. நூலுக்குச் சீவிய படலத்தைக் குறுக்கேயும் நறுக்கினால் பொடிப்பொடியான சதுரங்கள் கிடைக்கும். அந்தச் சதுரங்களைத் தெளிந்த லேக்கரில் கலந்து காரின்மேல் அடிக்கலாம் என்று வந்த சரக்கின் பெயர் ‘மெட்டல்ஃபிளேக்’. 1960களின் தொடக்கத்தில் கார்ப் பத்திரிகைகளில் அதன் விளம்பரம் வந்தது. ஒரு கம்பெனி வைத்த பெயர் சில வருடங்களில் அந்த வகை பெயிண்டுக்கே பொதுப்பெயராகிவிட்டது.

மேளக்காரர்கள் இதில் முந்திக்கொண்டவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கத்திய டிரம்மின்மேல் ஒட்டும் மின்னும் பிளாஸ்டிக் உறை அதற்கு வெகு முன்பே இருந்தது. டிரம், கிட்டார் இரண்டும் செய்த கிரெட்ச் நிறுவனம் 1954இல் அதே டிரம் உறையை எடுத்து ஒரு கிட்டாரின் முகத்தில் ஒட்டி ‘சில்வர் ஜெட்’ என்று விற்றது. மேடையில் மின்னியதைப் பார்த்த கண்கள்தான் பிறகு தெருவிலும் அதைத் தேடின.

அலுமினியத் தகட்டை ஒட்டும் முறை போகப் போக மாறியது. டூபான்ட் 1950களில் விற்பனைக்குக் கொண்டுவந்த மைலார் என்ற பாலியஸ்டர் படலத்தை வெற்றிட அறைக்குள் வைத்து, அலுமினியத்தை ஆவியாக்கி அதன்மேல் படியவைத்தார்கள். படியும் உலோகம் ஒரு மைக்ரானில் சில நூற்றில் ஒரு பங்கு தடிமன்தான். இந்த முறையைத் தொலைநோக்கி ஆடிகளுக்குப் பயன்படுத்தி நிலைநாட்டியவர் ஜான் ஸ்ட்ராங் என்ற இயற்பியலாளர். 1935இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குல ஆடிக்கு அலுமினியம் பூசியவர் அவர். அந்த மலை நிற்பது லாஸ் ஏஞ்சலிஸுக்கு மேலே. மலைமேல் நட்சத்திரம் பார்க்க ஆடிக்கு ஏறிய அலுமினியமும், கீழே தெருவில் நட்சத்திரம் போல மின்னக் காருக்கு ஏறிய அலுமினியமும் ஒரே வழியில் வந்தவை.

இனி ஷெட்டுக்குள் போகலாம்.

ஜிகினாவின் அளவை அங்குலத்தில் சொல்வார்கள். 0.004 அங்குலம் மிகப் பொடி, ஏறக்குறைய 100 மைக்ரான். 0.008 நடுத்தரம். 0.015 என்றால் நாலு முழ தூரத்திலிருந்தே புள்ளி புள்ளியாகத் தெரியும். 0.025 என்றால் அரை மில்லிமீட்டருக்கும் மேல். இன்று பெரும்பாலும் அறுகோணமாக நறுக்குகிறார்கள். தேன்கூடு போல ஒன்றோடொன்று பொருந்துவதால் படலத்தில் வீண் போவது இல்லை. பொடிக்குச் சாதாரணக் கன் போதும். பெரியதற்கு மூக்கு அகலமான கன் வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

தகட்டு ஒடுக்கு எடுத்து, பட்டி பூசித் தேய்த்து, பிரைமர் அடித்தபின் வருவது அடிநிறம். ஜிகினாவின் நிறமே அடிநிறமாகவும் இருக்க வேண்டும். பொன் ஜிகினாவுக்குப் பொன், வெள்ளிக்கு வெள்ளி. செதில்களுக்கு இடையில் எங்காவது இடைவெளி விழுந்தால் அடிநிறம் அதை மறைத்துவிடும். அனுபவம் இல்லாதவர் வெள்ளைப் பிரைமரின்மேல் நேராக ஜிகினா அடித்து, இடைவெளியை மூட மூட அடித்து, இரண்டு மடங்கு சரக்கைத் தீர்த்துவிடுவார்.

கன்னிலிருந்து பறந்து வரும் செதில் எப்படி வேண்டுமானாலும் விழும். சில படுக்கும், சில சாயும், சில குத்தி நிற்கும். ஈரமான லேக்கரில் விழுந்தால் அதற்குப் படுக்க அவகாசம் உண்டு. தின்னர் ஆவியாக ஆவியாகப் படலம் மெலிந்து சுருங்கும்போது செதிலையும் கீழே அழுத்தும். பாதி காய்ந்த பரப்பில் விழுந்ததோ நிற்கிற நிலையிலேயே உறைந்துவிடும். கதவின் கீழ் ஓரமும் மடிப்பும் எப்போதும் தொல்லை. அங்கே செதில் குவிந்து கரடாகும்.

அடித்து முடித்ததும் காரைத் தடவிப் பார்த்தால் பயம் வரும். உப்புத்தாளைத் தடவுவது போலச் சொரசொரவென்று இருக்கும். பளபளப்பு எதுவும் இருக்காது. மணல் ஒட்டிய தகரம் போல மங்கிக் கிடக்கும். முதல் தடவை செய்கிறவர் காரைக் கெடுத்துவிட்டோம் என்றே நினைப்பார். வேலையின் பாதிதான் முடிந்திருக்கிறது.

அதன்மேல் தெளிந்த லேக்கர், கோட் மேல் கோட். பத்து, பதினைந்து, சில சமயம் இருபது. நாலைந்து கோட்டுக்கு ஒரு தடவை காயவிட்டு, தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். தேய்த்த தண்ணீர் பால் போல வடிந்தால் நல்லது. மேலே உள்ள லேக்கர் மட்டும் தேய்கிறது என்று அர்த்தம். வடிகிற நீரில் ஒரே ஒரு மினுக்கு தெரிந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். தாள் செதிலைத் தொட்டுவிட்டது. செதிலின் மேலிருக்கும் நிறம் உரிந்து உள்ளிருக்கும் அலுமினியம் வெள்ளைப் புள்ளியாகப் பல்லைக் காட்டும். சிவப்புக் காரில் ஒரு வெள்ளிப் புள்ளி. அதை மறைக்க ஒரே வழி, அந்தப் பகுதிக்கு மறுபடியும் ஜிகினாவிலிருந்து தொடங்குவது.

பள்ளம் நிரம்பி, மேடு மறைந்து, கடைசியாகப் பஃபிங் போட்டு மெருகேற்றியதும் பார்க்க வேண்டும். செதில்கள் எல்லாம் ஆழத்தில், தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசுகள் போலத் தெரியும். அந்த ஆழத்துக்கு நம் கண்ணும் ஒரு காரணம். இடது கண்ணுக்குப் பளிச்சிடும் செதில் வேறு, வலது கண்ணுக்குப் பளிச்சிடுவது வேறு. இரண்டு கண்ணும் ஒத்துக்கொள்ளாத புள்ளிகளை மூளை ஆழமாகப் படித்துக்கொள்கிறது. புகைப்படத்தில் எந்த ஜிகினாக் காரும் அதன் முழு அழகைக் காட்டாததற்கு இதுவும் காரணம். அதை நேரில், நடந்து கடந்து பார்க்க வேண்டும்.

இந்தக் காட்சி இலக்கியத்துக்குள்ளும் புகுந்தது. 1963இல் டாம் உல்ஃப் என்ற நியூயார்க் பத்திரிகையாளரை எஸ்குவயர் இதழ் கலிஃபோர்னியாவின் கஸ்டம் கார்களைப் பற்றி எழுத அனுப்பியது. பார்த்துவிட்டு வந்தவருக்கு எழுத வரவில்லை. இதழ் அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கியது. குறிப்புகளையாவது தட்டி அனுப்புங்கள், வேறொருவரை வைத்து எழுதிக்கொள்கிறோம் என்றார் ஆசிரியர் பைரன் டோபெல். உல்ஃப் இரவு முழுக்க ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது போலவே எழுதித் தள்ளினார். காலையில் படித்த டோபெல், மேலே இருந்த ‘அன்புள்ள பைரன்’ என்பதை மட்டும் அடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பினார். இதழியலின் நடையையே மாற்றிய கட்டுரைகளில் அது ஒன்று. 1965இல் வந்த உல்ஃபின் முதல் நூலின் நீண்ட தலைப்பிலும் ‘டேஞ்சரின் ஃபிளேக்’ ஏறிக்கொண்டது. கமலா ஆரஞ்சு நிற ஜிகினா, புத்தக அட்டையில்.

அந்தக் கட்டுரையில் வரும் எட் ராத்தும் ஜார்ஜ் பாரிஸும் தெற்குக் கலிஃபோர்னியாவில் பட்டறை வைத்திருந்தவர்கள். இவர்கள் செய்த கார்களின் குட்டிப் பிளாஸ்டிக் மாடல்களை ரெவெல், ஏஎம்டி போன்ற கம்பெனிகள் சிறுவர்களுக்கு விற்றன. ராத்தின் 1961 ‘பீட்னிக் பேண்டிட்’ காரில் ஸ்டியரிங் சக்கரம் இல்லை. நடுவில் ஒரு குச்சி மட்டும், தலைக்கு மேல் தெளிந்த பிளாஸ்டிக் குமிழ். அது இன்று நெவாடா மாநிலம் ரீனோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மினியாபொலிஸ் நகரில் ஜான் கொஸ்மொஸ்கி 1956இல் தொடங்கிய ‘ஹவுஸ் ஆஃப் கலர்’ இந்த வகைப் பெயிண்டுகளுக்கென்றே பெயர் பெற்றது.

ஜிகினா காரோடு நிற்கவில்லை. ஹெல்மெட், மோட்டார் சைக்கிள் டேங்க், மீன்பிடிப் படகு என்று பரவியது. புரூஸ் மேயர்ஸ் 1964இல் செய்த ‘மேங்ஸ்’ மணல்மேட்டு வண்டியின் உடல் ஃபைபர் கிளாஸ். அச்சில் வார்க்கும் இத்தகைய உடலுக்கு வரிசையே தலைகீழ்: அச்சின் உட்புறத்தில் முதலில் தெளிந்த பூச்சு, பிறகு ஜிகினா, அதன்மேல் ஃபைபர். அச்சிலிருந்து கழற்றும்போதே வண்டி மின்னிக்கொண்டு வெளியே வரும்.

இந்த மின்னலுக்குக் கொடுத்த விலையையும் எழுதாமல் போகக் கூடாது. லேக்கர் குளிரில் சுருங்கி வெடிக்கும். இருபது கோட் தடிமன் என்றால் வெடிப்பு இன்னும் சீக்கிரம். அதனால் 1970களுக்குப் பிறகு கடினமான யூரித்தேன் கிளியர் வந்தது. அது வெடிக்காது, வெயிலையும் பெட்ரோலையும் தாங்கும். ஆனால் அதன் கடினமாக்கியில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குப் பகை. ஒருமுறை உடம்பு அதற்கு எதிர்ப்புக் கொண்டுவிட்டால், அடுத்து மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு இழுக்கும். அந்தத் தொழிலையே விட வேண்டியதுதான். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல், மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கிளியர் அடிக்கிற பெயிண்டர்கள் உலகின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள் காரின் பளபளப்புக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையாவது அந்த முகமூடிக்குச் செலவிட வேண்டும். ஜிகினாவுக்கும் கட்டுப்பாடு வந்தது: 2023 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் தனியாகத் தூவும் பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தது. கெட்டியான படலத்துக்குள் நிலையாக உறைந்துவிடுவதற்கு விலக்கு உண்டு.

ஜிகினாவையும் கேண்டியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டவர்கள் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் மெக்சிகோ அமெரிக்கர்கள். விட்டியர் பொலிவார்டு என்ற நெடுந்தெருவில் ஞாயிறு மாலைகளில் தரையோடு தாழ்ந்த ‘லோரைடர்’ கார்கள் ஊர்வலம் போல மெதுவாகப் போகும். வேகம் அங்கே நோக்கம் இல்லை. விளக்குக் கம்பங்களின் கீழ் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது பெயிண்டுக்குள் ஒளி ஊர்ந்து போக வேண்டும். அதற்கு மெதுவாகத்தான் போக வேண்டும். லேஸ் துணியை விரித்து அதன்மேல் அடித்து எடுக்கும் பூவேலை, அட்டையை நகர்த்தி நகர்த்தி அடிக்கும் மீன்செதில் வேலை, பட்டை பட்டையாகப் பிரிக்கும் பேனல் வேலை என்று எத்தனையோ நுணுக்கங்கள் காரின் கூரைகளில் ஏறின. பேனல் வேலைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் லாரி வாட்சன் என்ற பெயிண்டர்.

அந்தத் தெருவின் ராணி ‘ஜிப்ஸி ரோஸ்’. இம்பீரியல்ஸ் கார் சங்கத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி வலாடெஸின் செவர்லே இம்பாலா. அவர் முதலில் அலங்கரித்த 1963 மாடலைச் சிலர் அடித்து நொறுக்கிவிட்டார்கள். வலாடெஸ் ஒரு 1964 இம்பாலாவை வாங்கி, பெயிண்டர் வால்ட் பிரேயிடம் கொண்டுபோனார். இளஞ்சிவப்பு உடல் முழுக்க, கூரையிலும் பக்கங்களிலும், கையால் வரைந்த ரோஜாக்கள். 1974இல் தொடங்கிய ‘சிக்கோ அண்ட் த மேன்’ தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் அந்தக் கார் வந்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸைப் பார்த்தே இராத அமெரிக்கா முழுவதும் அதைப் பார்த்தது.

வலாடெஸ் 2011இல் காலமானார். 2017இல் ஜிப்ஸி ரோஸ், அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் லோரைடர் ஆனது. தலைநகர் வாஷிங்டனின் நடுவே, நினைவுச் சின்னங்கள் வரிசையாக நிற்கும் திறந்தவெளியில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அதை நிறுத்தினார்கள். மாலையில் பெட்டிக்குள் விளக்கு எரிந்தபோது ரோஜாக்களைச் சுற்றிச் சுற்றி வந்து ஜனங்கள் பார்த்தார்கள்.

அந்தக் கார் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்தும், வேண்டும்போது எழுந்தும் நிற்கும். சக்கர வளையத்தின் அடிமட்டத்தைவிட உடம்பு தாழக் கூடாது என்று 1950களின் இறுதியில் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. ரான் அகீர் என்ற இளைஞர் 1959இல் தன் கொர்வெட் காரில் விமானத்தின் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி அதற்கு வழி கண்டுபிடித்தார். போலீஸ் வந்தால் ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும், கார் எழுந்து நின்றுவிடும். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)